பிறந்தநாளுக்கு முதல் நாள்

...இல்லாவிட்டால் இந்தச் சுண்டு எதற்குத் தன்னையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும், தனியாக வரத் தெரியாத பச்சைக் குழந்தையா, அடுத்த வாரம் பதினெட்டு முடிகிறது, எல்லாம் பெருமை காட்டத்தான், பார் அக்கா, எனக்கு எப்படித் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று... குழந்தைகள் நல அலுவலகத்து பெஞ்ச் வழுக்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் சுண்டுவின் குரல், நடுவில் சிரிப்பு வேறு. அதிகாரியிடம் என்ன சிரிப்பு? சிரிக்காமல் என்ன செய்வாள், நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தாயிற்று, படிக்கிற பிள்ளை என்பதால் இருபத்தொரு வயது வரை வளர்ப்பு வீட்டிலேயே இருக்கலாம், சாப்பாடு, துணிமணி எல்லாம் அரசாங்கத்தின் தலையில். ஜன்னல் பக்கத்துக் கட்டில்கூட இப்போது அவளுக்குத்தான். அது யாருடைய கட்டில்? ஏழு வருஷம் இவள் படுத்தது. சொந்தமா பந்தமா, இரண்டு பேரையும் இதே அலுவலகம்தான் வளர்ப்பு வீட்டு அம்மாளிடம் ஒப்படைத்தது, பெரியம்மா என்று கூப்பிடப் பழக்கியதும் அந்த அம்மாள்தான், ஆனாலும் சட்டியில் மிஞ்சியதைச் சுண்டுவின் தட்டில் வழித்துப் போட்டபோதெல்லாம் இவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

தானும் அங்கேயே இருந்திருக்கலாம். யார் போகச் சொன்னது? பதினெட்டாவது பிறந்தநாளைப் பெற்ற அம்மாவோடுதான் கொண்டாடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, அதற்கு முதல் நாளே பெட்டியைத் தூக்கியவள் இவள்தான். ஒரு நாள் பொறுத்திருந்தால்... பதினெட்டு முடிகிற அன்று வளர்ப்பு வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இருபத்தொன்று வரை நீட்டிப்பு என்பது அப்போது தெரியாது, பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையோ, இல்லை, பாவம், நாளன்னைக்குப் போயேன் என்று கெஞ்சத்தான் செய்தாள், இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குன்னு ஒரு வீடு இருக்குடி என்று சுண்டுவிடம் தலையை நிமிர்த்திச் சொன்னதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அந்த வீடு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. அம்மாவின் புதுப் புருஷனுக்கு இவள் இருப்பது கண்ணை உறுத்தியது, அம்மாவோ முகத்தைப் பார்க்காமலே, நீ வேற எங்கயாவது பாத்துக்கயேன் என்றாள். இப்போது லாண்டரியில் வேலை, இஸ்திரி மேஜைக்குப் பின்னால் படுக்கை. அதற்கும் வந்தது கேடு, முதலாளியின் மச்சான் வருகிறானாம், மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். எங்கே போவது? சுண்டுவிடம் மூச்சு விடவில்லை, விட்டால் அந்தக் கண் அகல விரியும், ஐயோ அக்கா என்பாள், அந்த ஐயோ யாருக்கு வேண்டும்... ஏதாவது ஒன்று இடித்து அவளுக்கும் இல்லையென்று ஆகிவிட்டால் என்ன? ஆகட்டுமே.

கதவைத் திறந்துகொண்டு சுண்டு வந்தாள். முகத்தில் இப்போது சிரிப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்னோடது அப்பவே முடிஞ்சுதுக்கா. இவ்வளவு நேரம் உன்னப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன்" என்றாள். பெற்றவர்களோடு சேர்ந்து, அது சரிப்படாமல் போனவர்கள் இருபத்தொன்று முடிவதற்குள் திரும்பி வரலாமாம், வேலையில் இருந்தாலே போதுமாம், முதல் நாளே கிளம்பியது ஒரு தடையே இல்லையாம். பெரியம்மாவும் சரியென்று சொல்லிவிட்டாளாம். சலவைத் துணி வாங்க வந்த அன்றே சுண்டு லாண்டரியில் சுருட்டி வைத்த படுக்கையைப் பார்த்துவிட்டாளாம், கள்ளி. "அம்மா வீட்டுல இருக்க முடியலன்னு நீயே உன் வாயால சொல்லணும். அவ்வளவுதான். வாக்கா."

சந்தோஷப்பட வேண்டியதுதானே, வயிறு ஏன் இப்படி எரிகிறது? அந்த ஒரு நாளை நினைத்து நினைத்து இரண்டு வருஷம் தலையணையை நனைத்தாள், ஒருவரிடமும் கேட்கவில்லை, சுண்டு போய்க் கேட்டே விட்டாள், நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொள்ள வேண்டுமா... கை அவள் கைக்குள் இருந்தது, உதறத் தோன்றியது, உதறவில்லை, உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. அதிகாரி, "சொல்லும்மா, அம்மாகூட ஏன் இருக்க முடியல?" என்றாள். அம்மாவோட வீட்டுக்காரருக்குப் பிடிக்கல என்று சொல்லலாம், இடம் போதல என்று சொல்லலாம். "அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தாள். அம்மாவுக்கு நான் வேண்டாம். இவ்வளவுதான் வாக்கியம், ஆனால் இரண்டு வருஷமாக ஒருமுறைகூட இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டதில்லை, சுண்டுவின் மேல் எரிந்துகொண்டே இருந்தால் சொல்ல வேண்டி வராது என்றுதானோ... சுண்டு தண்ணீர் டம்ளரை இவள் பக்கம் நகர்த்தினாள்.