போன் வராத கதை

பட்டாசுக் கம்பெனி போர்மேன்களை ஏசி ஹாலில் உட்கார வைத்துக் கதை சொல்லுங்கள் என்றால் என்ன வரும்? கொட்டாவிதான் வரும். பாலகுருவுக்கும் வந்தது. தீபாவளி முடிந்து கம்பெனி ஓய்ந்திருந்த நேரம். விடியக்காலையிலேயே வேனில் அள்ளிப்போட்டு விருதுநகருக்குக் கொண்டுவந்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் பேனாவும் கொடுத்து, நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். 'தலைமைப் பண்புப் பயிற்சி' என்று பின்னால் பேனர் வேறு.

ஏற்பாடு சின்ன முதலாளி தருண்குமாருடையது. கோயம்புத்தூரில் எம்பிஏ முடித்துவிட்டு வந்த பையன். பெரிய முதலாளி காசிராஜன் மாதிரி ஏலே, வாலே என்று கத்த மாட்டான். எல்லோரும் அவனுக்கு அண்ணன், எல்லோரும் அவனுக்கு அக்கா. அன்றைக்கு அவனும் வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பயிற்சி கொடுக்க வந்தது யோகேஸ்வரி மேடம். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருப்பவர் வீட்டுப் பெண்தான். சென்னையில் பெரிய பெரிய கம்பெனி மேனேஜர்களுக்கெல்லாம் பேசிப் பேர் வாங்கியவர்.

"ரூல்ஸ் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க. கதை சொன்னா வாங்குவாங்க," என்றார். "நல்ல லீடர் தன்னோட தப்பைக் கதையாச் சொல்வார். யார் முதல்ல சொல்றீங்க?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மேடம் பாவம் என்று பாலகுரு எழுந்தான். அவனுக்கு எப்போதும் இந்த இரக்கம்தான் வினை.

"போன ஆடி மாசம் மேடம். சீசன் நேரம். சாயங்காலம் முதலாளி போன் போட்டாக. ஏலே, நாளைக்கு லோடு ஏறியாகணும், ஆள நெருக்கி உக்கார வச்சு முடிச்சிருலேன்னு ஒரே சத்தம். வேப்பமரத்தடியில நின்னு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், பக்கத்துல நம்ம யூனிட்ல வேலை பாக்குற சின்னச்சாமி மாமாவும் கேட்டுக்கிட்டு நின்னாரு. நாலு பேர் இருக்க வேண்டிய வெடிமருந்து ரூம்ல எட்டுப் பேர வச்சேன். மிச்ச மருந்த அன்னன்னைக்கே அழிச்சிரணும், அதையும் மறுநாளைக்குன்னு விட்டுட்டேன். காலைல குப்புன்னு பத்திருச்சு. கொஞ்ச மருந்து, அதனால தப்பிச்சோம். சின்னச்சாமி மாமா சம்சாரம், சோலையம்மா அக்காவுக்கு மட்டும் ஒரு கை வெந்து போச்சு."

முதலாளி என்ற சொல் வந்ததும் தருண்குமார் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுபடியும் செல்போனுக்குள் குனிந்துகொண்டான்.

மேடத்துக்குக் கண் மின்னியது. "அருமையான கதை அண்ணே! ஒரே ஒரு இடம்தான் இடிக்குது. அவர் சொன்னாரு, இவர் சொன்னாருன்னு லீடர் கதையில வரக் கூடாது. கேக்குறவங்க கண்ணுக்கு நீங்க சின்ன ஆளாத் தெரிவீங்க. எட்டுப் பேரை அந்த ரூம்ல உக்கார வச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப அதை மட்டும் சொல்லுங்க. போன் வேண்டாம். வேப்பமரத்தடியில நீங்க தனியா நின்னு யோசிச்சதா வைங்க. 'யாரும் சொல்லிச் செய்யலை, நான்தான் முடிவெடுத்தேன்'னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க. அப்புறமா அந்தக் கையைப் பத்திச் சொல்லுங்க."

அந்த அம்மாளைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவர் படித்ததைச் சொல்லிக் கொடுத்தார், மனசாரத்தான் சொல்லிக் கொடுத்தார். பாலகுரு திரும்பவும் சொன்னான். பேசாமல் நிற்க வேண்டிய இடத்தில் நின்றான். ஹாலில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சோலையம்மாளின் கையைப் பற்றிச் சொன்னபோது பக்கத்து யூனிட் போர்மேன் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். முடித்ததும் கைதட்டல். தருண்குமார் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

பாலகுருவின் அப்பா அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பிழைத்தவர். முதலாளி வீட்டுக்குப் போனால் வாசலோடு திரும்பிவிடுவார். அந்த வீட்டுப் பிள்ளை இவனைக் கட்டிப்பிடிக்கிறது. பெருமை பிடிபடவில்லை அவனுக்கு. பிடிபடாதுதானே? யாருக்குத்தான் பிடிபடும்!

நாரணாபுரத்து வீட்டில் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பெண்டாட்டி ரோஜாவை உட்கார வைத்து முழுசாகச் சொல்லிக் காட்டினான். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"ஆமா, அந்தப் போன் எங்க?"

"அது கதைக்கு வேணாமாம்."

"கதைக்கு வேணாம்னா? வந்துச்சுல்ல? நீங்க மூஞ்சி செத்துப்போயி வந்து நின்னது எனக்குல்ல தெரியும்."

"ஒனக்கு இதெல்லாம் புரியாது ரோஜா. அடுத்தவன் மேல பழி போடுறவன் லீடர் இல்ல."

"அடேயப்பா, லீடரு! மொதல்ல கைய கழுவிட்டு வாங்க," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு கம்பெனியில் அவனுக்கு மவுசு கூடிப்போனது. ஆனைக்குட்டம் யூனிட்டுக்கு அழைத்துப்போய்ச் சொல்ல வைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு நிறுத்தி வீடியோ எடுத்து, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் விட்டார்கள். சொந்த யூனிட்டில் திங்கட்கிழமைதோறும் வேலை தொடங்கும் முன் வேப்பமரத்தடியில் அந்தக் கதைதான். கை ஆறி வீட்டோடு இருந்த சோலையம்மாளும் பொங்கல் கழிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். கதை அவள் கைக்கு வரும்போது அவளே கையைத் தூக்கிக் காட்டுவாள். பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

"இம்புட்டு மனசு யாருக்கு மாப்ள வரும்? செஞ்ச தப்ப நாலு பேர் முன்னால சொல்றதுன்னா லேசா?" என்று சின்னச்சாமி முதுகில் தட்டிக் கொடுப்பார்.

கதையால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். ஜனங்கள் நிஜமாகவே பயந்து வேலை பார்த்தார்கள். அறைக்கு நாலு பேருக்கு மேல் ஒரு ஆள் கால் வைத்தாலும் சோலையம்மாளே விரட்டிவிடுவாள். மிச்ச மருந்து அன்றன்றைக்கே அழிந்தது. பாலகுருவுக்குத் தூக்கம் நன்றாக வந்த மாதங்கள் அவை.

ஆவணி பிறந்தது. சீசன் தலைக்கு மேல் ஏறியது. மழை வந்து வேலையைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இந்தத் தடவை போன் போட்டது தருண்குமார்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா? வெள்ளிக்கிழமை லோடு ஏறணும்ணே. பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்தாச்சு."

"மழையில வேலை ஓடலையே சின்ன முதலாளி. நாலு நாலு பேரா வச்சா முடியாதே. ரெண்டு நாள் தள்ளிக் கேட்டுப் பாருங்களேன்."

"தேதியில நான் கை வைக்க முடியாதுண்ணே. எத்தனை பேர், எப்படிங்கிறதெல்லாம் உங்க முடிவு. அதுல நான் தலையிடவே மாட்டேன். நீங்க லீடர். உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். காசிராஜன் ஏலே என்று கத்தின காலத்தில் வயிறு எரியும், ஆனால் ஆர்டர் போட்டது யார் என்றாவது தெரியும். மாட்டேன் முதலாளி என்று முனகவாவது ஒரு ஆள் எதிரில் இருந்தார். இவன் ஆர்டரே போடவில்லையே! நம்பிக்கை அல்லவா வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! நம்பிக்கை வைக்கிறவனிடம் என்னத்தைச் சண்டை போடுவது? பாலகுரு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வேப்பமரத்தடியில் நின்றான். இந்தத் தடவை நிஜமாகவே தனியாகத்தான் நின்றான்.

அறைக்கு எட்டுப் பேரை வைத்தான். மிச்ச மருந்தை அழிக்க நேரம் இல்லை என்று மூடி வைக்கச் சொன்னான்.

"என்ன தம்பி, கதைல நாலு, ரூம்ல எட்டா?" என்று சோலையம்மாள் சிரித்தாள்.

"இந்த ஒரு லோடுதான்க்கா. இத ஏத்தி விட்டுட்டா பழையபடி ஆயிரும்," என்று அவனும் சிரித்தான். தன் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவன் சாமான் ஷெட்டில் நின்றிருந்தபோது தரை அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்க்கையில் அறை இருந்த இடத்தில் அறை இல்லை. தகரக் கூரை வேலிக்கு அப்பால் கிடந்தது. நாலு உயிர் போயிற்று. உராய்வு என்று பேப்பரில் போட்டார்கள். எப்போதும் அதைத்தான் போடுவார்கள், அச்சுக் கோத்து வைத்திருப்பார்கள் போல. அடையாளம் காட்ட ஆஸ்பத்திரிக்குச் சின்னச்சாமியைக் கூட்டிப் போனார்கள்.

வழக்கில் மூன்று பெயர். காசிராஜன் நெஞ்சுவலி என்று படுத்துக்கொண்டார். தருண்குமார் வெளியூரில் இருந்தபடி வக்கீல் மூலம் முன்ஜாமீனுக்குப் போனான். போலீஸ் ஜீப் நாரணாபுரத்துக்குத்தான் வந்தது. எந்த வெடிவிபத்தில்தான் போர்மேன் வீட்டுக்கு ஜீப் வராமல் இருந்திருக்கிறது!

"யார் சொல்லி எட்டுப் பேரை வச்ச?" என்றார் இன்ஸ்பெக்டர். பொறுமையான ஆள்தான். அடிக்கவில்லை, கை ஓங்கவும் இல்லை.

"லோடு ஏறணும்னு சின்ன முதலாளி போன் பண்ணாகய்யா."

"எட்டுப் பேர் வைக்கச் சொன்னாரா?"

பாலகுரு யோசித்தான். உங்க முடிவு என்றான் அந்தப் பையன். தலையிடவே மாட்டேன் என்றான்.

"வாய்விட்டுச் சொல்லலய்யா. ஆனா இங்க எப்பவும் இப்படித்தான். போன வருசம் பெரிய முதலாளி நேராவே போன் போட்டு..."

இன்ஸ்பெக்டர் தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். இஸ்திரி போட்ட சட்டையில் பாலகுரு நின்றிருந்தான். யாரும் சொல்லிச் செய்யலை, நான்தான் முடிவெடுத்தேன் என்றான். பேசாமல் நிற்க வேண்டிய இடத்தில் அழகாக நின்றான்.

"போன வருசமும் நீ, இந்த வருசமும் நீ," என்றார் இன்ஸ்பெக்டர். "பழகின கைன்னுதான் கோர்ட்ல நினைப்பாங்க. எத்தனை வருஷம் உள்ள இருக்கணும்னு தெரியுமா?"

"அய்யா, அது பயிற்சிக்காகச் சொன்ன கதை. மேடம்தான் போன் வேணாம்னாக!"

மேடத்துக்கு ரோஜா ஏற்கெனவே போன் போட்டுப் பார்த்துவிட்டாள். எடுத்ததும் அழுதாராம். கம்பெனி வக்கீல் பேசக் கூடாதென்று சொல்லிவிட்டார் என்றாராம். பிறகு போனை அணைத்துவிட்டார். அழுதாராம்! அந்த அழுகையைக் கொண்டுபோய் எந்தக் கோர்ட்டில் காட்டுவது?

பாலகுருவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். "சின்னச்சாமி மாமாவக் கேளுங்கய்யா," என்றான். "போன வருசம் அந்தப் போனப் பக்கத்துல நின்னு கேட்டவரு. அவரு பொய் சொல்ற ஆள் இல்ல. வேலை எப்படி நடக்கும்னு அவருக்குத் தெரியும். அவரு சொல்லிட்டா முதலாளியும் பதில் சொல்லித்தான ஆகணும்?"

மறுநாள் சின்னச்சாமியை வரவழைத்தார்கள். பாலகுருவுக்குக் கும்பிடத் தோன்றியது. ஆனால் சோலையம்மாள் செத்ததற்குப் பிறகு அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறான், கை எழவில்லை.

"மாமா, போன வருச ஆடில வேப்பமரத்தடியில நின்னோம்ல? முதலாளி போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டேன். ஏலேன்னு கத்துனாக. ஞாபகம் இருக்கா?"

சின்னச்சாமி யோசித்தார். பேருக்கு யோசிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"போன் எதுவும் வரலையேய்யா," என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார். "போர்மேன் மரத்தடியில தனியா நின்னு யோசிச்சாக. அப்புறம் அவுகளா முடிவெடுத்தாக. வாரா வாரம் சொல்லுவாகளே."

"மாமா! நீங்க பக்கத்துல நின்னீக மாமா!"

"நின்னேன். நீங்க பேசாம யோசிச்சிக்கிட்டு இருந்தீக."

மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனிதர் நீங்க என்றார். பாலகுரு அவர் கண்ணையே பார்த்தான். அதில் கள்ளம் இல்லை. யாரும் பணம் கொடுத்துச் சொல்லிக் கொடுத்த பேச்சு இல்லை இது. திங்கள்தோறும் இவன் சொன்ன கதை அந்த மனிதருக்குள் இறங்கி, அங்கே கிடந்த போனைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தது.

"கம்பெனியில ஏதும் பயமுறுத்துனாங்களா? தைரியமாச் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னைப் பயமுறுத்தி இனி என்னய்யா எடுக்கப் போறாக?" என்றார் சின்னச்சாமி. "கை வெந்தப்புறம் அவ வேலைக்கே வர மாட்டேன்னுதான்யா இருந்தா. ஆடு ரெண்ட வச்சுப் பொழச்சுக்கிடுவோம்னா. நான்தான் வீடியோவப் போட்டுக் காட்டுனேன். ஏத்தா, தப்ப இப்படி வாய்விட்டு ஒத்துக்கிட்டவன் மறுபடி செய்வானா, நம்பிப் போன்னு சொன்னேன். நான்தான்யா அனுப்பி வச்சேன். இப்ப என்னடான்னா, முதலாளி சொன்னாக, முதலாளி சொன்னாகன்னு அவுக தலையில கட்டுறாக இந்தப் போர்மேன். சோலை இருந்து இதக் கேக்கணும்."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போன் வந்தது நிஜம். சாமி மேல் சத்தியம் செய்வான் பாலகுரு. ஆனால் இந்த மனிதர் பெண்டாட்டியை நம்பி அனுப்பி வைத்தது முதலாளியிடம் இல்லையே, இவனிடம்தானே? அதற்கு எந்தப் போனைக் காட்டுவது?

"சொல்லு. வேற யாராவது சாட்சி இருக்காங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லய்யா," என்றான் பாலகுரு.