மேட்டில் போட்ட கூடாரம்

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும், லிஃப்ட் மெக்கானிக்கை அவன் மனைவியின் மகள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. மாமா கிடையாது, அங்கிள் கிடையாது, அப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை. "சாப்பாடு ரெடியாம்", "அம்மா கூப்பிடுறாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பன்னிரண்டு வயதில் அத்தனை சாமர்த்தியம். அவள் வாயிலிருந்து எப்படியாவது ஓர் 'அப்பா' வாங்கிவிட வேண்டும் என்றுதான் மனுஷன் லீவு போட்டு, கூடாரம் வாங்கி, அவளை மட்டும் மலைக்குக் கூட்டி வந்திருந்தான்.

ஏறும்போதே தூறல். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை மறைவாக நல்ல இடம் இருந்தது.

"இங்கயே போட்டுடலாமே, காத்து அடிக்காது" என்றாள்.

கேட்டுத் தொலைத்திருக்கலாம். மேட்டிலிருந்து பார்த்தால் மொத்த ஊரும் தெரியும், பிள்ளை அசந்துபோவாள் என்று இவனுக்கு நப்பாசை.

"பதினஞ்சு மாடி உயரத்துல லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாக்கறவன் நான். காத்து என்ன பண்ணிடும்? நான் இருக்கேன்ல!"

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவுக்கு வெளியே நின்று அவன் சொல்கிற அதே வசனம்தான்.

சாயங்காலம் காற்று பேயாய் அடித்தது. முளைகள் பிடுங்கிக்கொள்ள, கம்பி மடங்கி, ஈரத்துணி இருவர் மேலும் சரிந்து விழுந்தது. அவனுக்கு மூச்சு முட்டியது. எதையோ மிதித்தான். அது அவள் கை என்று தெரிந்தும் நிற்கவில்லை. ஜிப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, பின்னங்கால் பிடரியில் பட ஓடினான். பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் உடன் யாரும் வரவில்லை என்பது உறைத்தது.

"யாராவது வாங்களேன்!"

அந்த நேரத்திலும் அவனைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல் இல்லை.

விழுந்தடித்துத் திரும்பினான். அதற்குள் அவளே தவழ்ந்து வெளியே வந்திருந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை, முழங்கை சிராய்த்து ரத்தம். அவனைத் தாண்டிப் போய் ஷூவைத் தேடினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பாறை மறைவில் ஒண்டியிருந்தபோது, அவள் கோட்டுப் பையில் ஃபோன் அடித்தது. அம்மாதான்.

"ஒண்ணுமில்லம்மா. கூடாரம் விழுந்துடுச்சு, அவ்வளவுதான். அப்பாதான் என்னைத் தூக்கிட்டு வந்தாரு."

ஃபோனைக் கையால் பொத்தி அவனிடம் நீட்டினாள். "இல்லன்னா ராத்திரி பூரா அழுதுட்டு இருப்பாங்க. அதான்."

மனைவி இப்போதே அழுதுகொண்டுதான் இருந்தாள், சந்தோஷத்தில். "கேட்டுச்சா? அப்பான்னு சொன்னா! எவ்வளவு ஏங்கினீங்க!"

நான் விட்டுட்டு ஓடிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தான். பக்கத்தில் அவள் சிராய்ப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"கேட்டுச்சு" என்றான்.