ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு

பெயின்ட் கடை முதலாளி சரக்கு வண்டியின் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஒன்பது வருடமாக அந்த வண்டியை ஓட்டியவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். காலையில் சரக்கு இறக்கப் போன வழியில் மூலைவீட்டுக்காரரின் இரும்பு கேட்டை அவள் இடித்துத் தள்ளிவிட்டாள் என்று புகார். நான் போகும்போதே கேட் பெயர்ந்து தெருவில் குறுக்கே கிடந்தது, வண்டியைத் தள்ளியே நிறுத்தி, இறங்கி, அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் போனேன் என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்க ஆளில்லை.

சாட்சிக்கு எங்கும் போகவேண்டாம், தெருவே சொல்கிறதே என்றார் முதலாளி. அன்று ஏற்றிய வெள்ளை பெயின்ட் டின் ஒன்றில் ஓட்டை. வண்டியின் பின்பக்கத் தரையில் இருந்த துளை வழியாக வழிநெடுகச் சொட்டியிருந்தது. மூலைவீடு நெருங்க நெருங்கப் புள்ளிகள் நெருக்கமாகி, கடைசியில் குட்டையாகவே தேங்கியிருந்தன. நிறையச் சிந்தியிருந்தால் வண்டி குலுங்கியிருக்கிறது, குலுங்கியிருந்தால் கண்மண் தெரியாமல் பறந்திருக்கிறாள். இதுதான் அவர் கணக்கு. பெயின்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. மற்றதிலும் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் நினைப்பு.

நாளைக் காலை வரை யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். இந்த வேலை போனால் வேறு எவரும் பெண்ணை நம்பி வண்டியைத் தரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த மகளிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். ஏழாம் வகுப்புப் பெண். எதைச் சொன்னாலும் ஏன், எப்படி என்று துளைப்பதால் வீட்டில் அவள் பெயர் குடைச்சல். குடைச்சல் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே! அந்த டின் இன்னும் சொட்டுகிறதா என்று கேட்டாள். அம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் மகளின் பின்னாலேயே போனாள்.

கடையின் பின்பக்கம் துணி அடைத்து வைத்திருந்த டின்னை, வேலையாளைக் கெஞ்சி வெளியே எடுக்க வைத்தாள் குடைச்சல். துணியை உருவிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பத்து விநாடிக்குப் பத்து சொட்டு. மூன்று தடவை எண்ணியும் மாறவில்லை. பிறகு வண்டியின் நீளத்தைத் தப்படியால் அளந்தாள். ஆறு. அதன்பின் தெருவில் இறங்கினாள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எத்தனை தப்படி என்று அளந்து அளந்து நோட்டில் எழுதினாள். சைக்கிள்காரர்கள் மணியடித்தார்கள், தெரிந்தவர்கள் என்னடி தொலைத்தாய் என்று கேலி செய்தார்கள். அவள் நிமிரவே இல்லை. எண்ணிக்கை தப்பியதாகச் சந்தேகம் வந்த இடத்தில் அலுக்காமல் திரும்பிப்போய் மறுபடி அளந்தாள். ஒரு வேலையை இப்படிச் செய்ய இவள் எங்கே கற்றாள் என்று அம்மா வியந்தாள்.

மறுநாள் காலை, பழைய வண்ண அட்டை ஒன்றின் பின்பக்கம் வரைந்த கோட்டுப் படத்தை முதலாளியின் மேசையில் விரித்தாள் குடைச்சல். குறுக்கே விநாடி, மேலே கடையிலிருந்து தூரம். கோடு சரிவாக ஏறி, பிறகு படுத்து, பிறகு மறுபடி ஏறியது.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நம்ம தெருவுல இவ்ளோ பெரிய மேடு எங்கம்மா இருக்கு?"

"இது ரோடோட படம் இல்ல மாமா. கோடு செங்குத்தா ஏறினா வேகமா போகுதுன்னு அர்த்தம். படுத்தா வண்டி நிக்குதுன்னு அர்த்தம்."

சொட்டு எப்போதும் விநாடிக்கு ஒன்றுதான், புள்ளிகள் நெருங்கினால் வண்டி மெதுவாகிறது என்று விளக்கினாள். பன்னிரண்டு தப்படி, எட்டு, ஐந்து, இரண்டு, பிறகு குட்டை. குட்டையிலிருந்து கேட்டுக்குப் பதினான்கு தப்படி. வண்டியின் நீளத்தைக் கழித்தாலும், மூக்குக்கும் கேட்டுக்கும் நடுவில் எட்டுத் தப்படி காலியாகவே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றது என்று அவர் கேட்டார். சொட்டெல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டதால் அதைச் சொல்லமுடியாது, நின்றது என்று மட்டும் சொல்லலாம் என்றாள்.

அவர் மோவாயைச் சொறிந்தார். முகம் இளகிவிட்டதை அம்மா பார்த்தாள், பிழைத்தோம் என்று மூச்சு விட்டாள். அப்போதுதான் குடைச்சல் கோட்டின் ஆரம்பத்தில் விரலை வைத்தாள்.

"இங்க பாருங்க மாமா, ரொம்ப செங்குத்து. ஸ்கூல் தெரு. புள்ளிக்குப் புள்ளி இருபது தப்படி. அங்க அம்மா வேகமாத்தான் போயிருக்காங்க."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலாளி அவளைப் பார்த்தார். பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. மகள் எதிரில் அது நகரவில்லை. ஆமாம், நேரமாகிவிட்டதென்று மிதித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டாள்.

முதலாளி அட்டையைக் குடைச்சலிடமே திருப்பி நீட்டினார். "அம்மாவுக்கு எதிரானதையும் சேத்துல்ல சொல்றா இந்தப் பொண்ணு. அதனாலதான் மத்ததையும் நம்புறேன்," என்றார். மூலைவீட்டுக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகவும், வண்டியை அவளே எடுக்கலாம் என்றும், பள்ளித் தெருவில் இனி ஒரு புகார் வந்தால் கதை வேறு என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "அதை எதுக்குடி சொன்னே? அவர் கேக்கவே இல்லையே."

"புள்ளி அங்கயும் இருந்துச்சேம்மா." குடைச்சல் அட்டையைப் பைக்குள் சொருகினாள். "அது நாங்க கிராஸ் பண்ற இடம். நேத்து நான் ஸ்கூலுக்கு வந்தப்பவே புள்ளி கிடந்துச்சு, நீ முன்னாடியே போயிட்டே."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அளந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பள்ளி மணிக்கு நேரமாகிவிட்டது, ஓடினாள். இப்படியொரு பிள்ளையைப் பெற்றோமே என்ற பெருமையும், அந்தப் பிள்ளை கடக்கும் தெருவிலா அப்படி மிதித்தோம் என்ற பயமும் அம்மாவுக்குச் சேர்ந்தே வந்தன. தெருமுனையில் மகள் நின்று, இருபக்கமும் பார்த்துக் கடக்கும்வரை அம்மா கண்ணை எடுக்கவில்லை.