பெயரை அடித்துப் பார்த்தவள்

என்கார்னாசியோன் நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நோயாளிகள் விவரத்தை யாரோ திருடி இணையத்தில் கொட்டிவிட்டார்கள். பெயரை அடித்தால் போதும், நோய், மருந்து எல்லாம் வந்து நிற்கும். ஊரே அடித்துப் பார்த்தது.

அழகு நிலையம் வைத்திருந்த சுனில்டா முதலில் தன் பெயரைத்தான் தேடினாள். புருஷனுக்குத் தெரியாமல் கருவைக் கலைத்தது அப்படியே கிடந்தது. அப்புறமும் விரல் சும்மா இருக்கவில்லை. தன் வாடிக்கைக்காரி ஹெர்மினியாவின் பெயரை அடித்தாள். எச்.ஐ.வி.க்குப் பல வருடமாக மருந்து.

சனிக்கிழமை ஹெர்மினியா வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். மாதாமாதம் தலைக்குச் சாயம் பூச வருவாள். சாயம் ஊறும்வரை இருவரும் தெரெரே குடிப்பார்கள். மூலிகையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய ஒரே கோப்பை, ஒரே உறிஞ்சுகுழல், ஆள் மாற்றி ஆள்.

அன்றும் சாயம் பூசி முடிந்ததும், தன் முறை குடித்துவிட்டு ஹெர்மினியா கோப்பையை நீட்டினாள். "என்னடி, இன்னிக்கு வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்க?"

"எனக்கு வேணாம்க்கா. வயிறு சரியில்ல."

"வயித்துக்குத்தான புதினா போட்டிருக்க?"

சுனில்டா தரையைப் பெருக்கத் தொடங்கினாள். குழல் வழியாக அந்த நோய் தொற்றாது என்று அவளுக்குத் தெரியும். கைதான் நீளவில்லை.

ஹெர்மினியா கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். "நீயும் பாத்துட்டியா?"

சுனில்டா குனிந்தபடியே பெருக்கினாள்.

"இப்பவே எந்திரிச்சுப் போயிருவேன். இந்தத் தலையோட தெருவுல நடக்க முடியாதே."

தலையை அலசும்போது, கண்களை மூடியபடியே ஹெர்மினியா சொன்னாள்: "சுனில்டா பேரும் இருக்கு, வந்து பாருன்னு என் தங்கச்சி கூப்பிட்டா. அவ சங்கதி அவளோட, மூடுடின்னுட்டேன்."

சுனில்டா குழாயை மூடினாள். "மன்னிச்சிருங்கக்கா" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கோப்பையை நிரப்பி, அவள் பார்க்க ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"எனக்குக் காட்டுறதுக்காகக் குடிக்காத," என்று ஹெர்மினியா ஈரத்தலையோடு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் சுனில்டா பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். ஹெர்மினியா வாசலுக்கு வந்தாள். மழை வரும்போலிருக்கிறது என்றாள், பிள்ளைகளை விசாரித்தாள், ரொட்டியைக் கம்பிக்கு மேலாக வாங்கிக்கொண்டாள். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

அடுத்த மாதம், வகிடெல்லாம் நரை தெரிய அவள் பள்ளிக்கூடம் போவதைச் சுனில்டா கடைக்குள்ளிருந்து பார்த்தாள். கூப்பிட வாய் வரவில்லை.