கருப்பு விளிம்பு

எனக்குச் சாவு போஸ்டர் அடித்தது என் மகள் சரிதாதான். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம்.

உழவர்கரையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள், வீட்டுப் படங்களையெல்லாம் போட்டு ஒரு வலைப்பதிவு தொடங்கினாள். பாரிசில் இருக்கும் அவள் அண்ணன் அருள்முருகன் பார்ப்பானாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவன் அவன். அவன் அம்மா செத்தபோது வந்தான், அதோடு சரி. ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போடா என்று போனில் கெஞ்சிக் கெஞ்சி என் வாய்தான் வலித்தது.

வெள்ளைப் பக்கத்தில் படங்கள் எடுப்பாகத் தெரியவில்லை என்று சரிதாவுக்குக் குறை. சிஎஸ்எஸ் என்று ஏதோ படித்தாளாம். அதில் ஒரு வரி எழுதினால் போதும், எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி விளிம்பு விழுந்துவிடும். தடிமனாகக் கருப்பு விளிம்பு வைத்தாள். தலைப்பைப் பெரிதாக்கி நடுவில் நிறுத்தினாள். அன்று என் பிறந்தநாள். மேலே ‘எங்கள் அப்பா’ என்று தலைப்பு, அதன் கீழே என் படம், படத்துக்கு அடியில் கலியமூர்த்தி என்று பெயரும் பிறந்த வருஷமும். ஊர்ச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி பார்த்து வளர்ந்த பெண், திரையில் அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடி போடாமல் பார்த்த நானும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் அழுகை.

“சரிதா, அப்பாவ எப்ப எடுக்கறீங்க? நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க. டிக்கெட் போட்டுட்டேன்.”

எனக்காக அவன் அழுது நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

“நான் இருக்கேன்டா,” என்றேன்.

அவன் தங்கையைத் திட்டினான், மூக்கைச் சிந்தினான், சிரித்தான். டிக்கெட் போட்டதுதான் போட்டாய், வந்துவிட்டுப் போ என்றேன்.

“இப்ப லீவு கெடைக்காதுப்பா. சாவுன்னாதான் குடுப்பாங்க. கேன்சல் பண்ணிடறேன்.”

விஷயம் தெரிந்ததும் சரிதா அழுதுகொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த வரியை நீக்கியதும் எல்லாப் படங்களும் விளிம்பில்லாமல் வெறிச்சென்று நின்றன. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

“அந்த வரிய எங்கயாவது எழுதி வச்சிக்கம்மா,” என்றேன். “உங்கண்ணன வரவைக்க அது ஒண்ணுதான் இருக்கு.”