வயிறு நிறைந்த குஞ்சுகள்

இப்போதெல்லாம் எதிரே இருப்பதைக் கண்ணால் பார்த்து நம்புகிற ஆளே கிடையாது. மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், போனைத் திறப்பார்கள். நாலாம் தொட்டியின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பெரியவர் இதைத்தான் பம்ப் ஆபரேட்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

மீன் குஞ்சு பொரிப்பகத்தில் அவருக்குப் பதினாறு வருஷ வேலை. நாலாம் தொட்டி முழுக்க அவர் பொறுப்பு. பொரித்து இருபத்திரண்டு நாளான கடல்மீன் குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம். மறுநாள் காலை லாரியில் ஏறி வளர்ப்புக் குளத்துக்குப் போக வேண்டியவை. போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர். அந்தப் பொறுப்பாளர் அவருடைய சொந்த மருமகள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"உங்க மருமக பாஸ் போடுவாங்களா பெரியவரே?"

"ஒவ்வொண்ணோட வயித்தையும் பாரு. விருந்து சாப்பிட்டுட்டு ஏப்பம் விடற மாதிரி இருக்கு. இதுக்கு எதுக்குய்யா பாஸு?"

வயிறு நிறைந்துதான் இருந்தது. கண்ணாடி போன்ற உடம்புக்குள், தின்ற ஆர்ட்டீமியா ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. உப்புத் தண்ணீரில் பொரிக்கிற அந்தத் துளிப் பூச்சிதான் இந்த வயதில் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. போடுவதற்கு முன்னால் அதை ராத்திரி முழுக்க மீன் எண்ணெய்க் கரைசலில் விட்டுத் தின்ன வைப்பார்கள்.

மருமகள் சின்ன வலையும் வாளியுமாக வந்தாள். இருபது குஞ்சுகளை அள்ளினாள். வலையோடு ஒரு நிமிஷம் காற்றில் பிடித்துவிட்டு வாளித் தண்ணீரில் விட்டாள். தெம்புள்ளது தாங்கும் என்பது அவள் கணக்கு. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், பதினாலு குஞ்சுகள் வாளியின் அடியில் செத்துக் கிடந்தன.

"மூச்சை அடைச்சு நீயே கொன்னுட்டு, ஏன் செத்துச்சுன்னு பார்க்கற."

"எல்லாத் தொட்டிக்கும் இதே ஒரு நிமிஷம்தான் மாமா. மூணாம் தொட்டியில ரெண்டுதான் போச்சு."

"நீ அள்ளினதெல்லாம் நோஞ்சான். நான் அள்ளித் தரேன்."

"சரி, அள்ளுங்க."

அவர் கால் மணி நேரம் தேடி, வயிறு புடைத்த இருபதைப் பொறுக்கிக் கொடுத்தார். இந்த முறை பதினாறு செத்தன. பம்ப் ஆபரேட்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எண்ணெய்க் கரைசல்லேர்ந்து ஆர்ட்டீமியாவ எடுத்ததும் என்ன பண்றீங்க மாமா?"

"கழுவுவேன்."

"கழுவினதும் தொட்டியில போடுவீங்க, இல்ல?"

"அதெப்படி? அந்த எண்ணெய் நாத்தம் போக வேண்டாமா? நல்ல கடல் தண்ணியில சாயங்காலம் வரைக்கும் விட்டு வைப்பேன். பளிச்சுனு ஆனப்புறம்தான் போடுவேன். மத்தவனுங்க மாதிரி அழுக்கோட கொட்டற ஆள் நான் இல்ல."

மருமகள் வலையை மெல்லக் கீழே வைத்தாள். "ஆர்ட்டீமியாகிட்ட பெரிசா சத்து கிடையாது மாமா. அது தின்னு வச்சிருக்கற எண்ணெய்தான் குஞ்சுக்குச் சத்து. காலையிலேர்ந்து சும்மா விட்டா அதை அதுவே செரிச்சுடும். சாயங்காலம் நீங்க போடறது முக்கால்வாசி வெறும் கூடுதான்."

"அப்போ வயித்துல தெரியறது என்ன?"

"அந்தக் கூடுதான்."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவரும் போட்டிருப்பார். காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி அவள் மெதுவாகப் பேசியது அவருக்கு இன்னும் எரிந்தது.

"சரி, இன்னும் பத்து நாள் வச்சு உன் எண்ணெயையே போடறேன். லாரியை அப்புறம் வரச் சொல்லு."

"கண்ணும் மூளையும் வளர்ற நேரத்துல கிடைக்காதது, இனி கிடைச்சாலும் ஒட்டாது மாமா. தொட்டியைக் காலி பண்ணத்தான் வேணும்." அவள் தொட்டித் தண்ணீரை வடிக்கிற வால்வைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நீங்க திறக்கறீங்களா?"

பெரியவர் குனிந்து பார்த்தார். அவர் நிழல் விழுந்ததும் சாப்பாடு வருகிறதென்று குஞ்சுகள் இந்தப் பக்கமாகத் திரும்பின. இருபத்திரண்டு நாளும் விடியுமுன் வந்து அவர் பார்த்த கூட்டம்.

"உன் கையாலயே திற. வயிறு ரொம்பினவன் பட்டினியில செத்தான்னு எந்த ஊர்லயாவது கேட்டிருக்கியா?"

ரப்பர் செருப்பு சொதசொதக்க அவர் வாசலுக்கு நடந்தார். பம்ப் ஆபரேட்டரைத் தாண்டும்போது மட்டும் நின்றார்.

"தண்ணியிலதான் ஏதோ கோளாறு."

"மூணாம் தொட்டிக்கும் இதே தண்ணிதான் பெரியவரே."

"உன்னை யார் கேட்டா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.