நாற்பது நிமிட ஊர்

ஒரே ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரே ஒரு ஆறு. அந்த ஊரில் மொத்தம் நாற்பது நிமிடம் இருந்தது. அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

அது எங்கள் ஊர்தான். பெயர் பனங்கடவு. 'எட்டுக் கோட்டை' என்ற பெரிய வீடியோ கேமின் முதல் ஊர் நாங்கள். ஆடுகிறவர் கணினி முன்னால் உட்கார்ந்து, வீரராக வேடம் பூண்டு, ஊர் ஊராக நடந்து, பேசி, சண்டை போட்டு, எட்டுக் கோட்டைகளையும் பிடிக்க வேண்டும். முழுதாக ஆடி முடிக்க அறுபது மணி நேரம் ஆகுமாம். ஆனால் முழு ஆட்டம் இன்னும் வெளியே வரவில்லை. ஆசை காட்டுவதற்காக எங்கள் ஊரை மட்டும் பிய்த்து இலவசமாக விட்டிருந்தார்கள். அதற்கு டெமோ என்று பெயர்.

நான் செம்பியன். ஊர்வாசலில் நின்று, வருகிற வீரருக்கு முதல் வாளைக் கொடுப்பது என் வேலை. கொடுத்ததும் ஒரு வசனம் சொல்ல வேண்டும். "வீரரே, அக்கரையில் என் தங்கை மருதி இருக்கிறாள். அவளைப் பார்த்தால், அண்ணன் நலமாக இருக்கிறான் என்று சொல்லுங்கள்." இதை இருபதாயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. அவள் முழு ஆட்டத்தில் இருக்கிறாள், நான் டெமோவில் இருக்கிறேன். நடுவில் ஆறு ஓடுகிறது.

நானும் அவளைப் பார்த்ததில்லை. எனக்கு ஒரு தங்கை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அவள்மேல் எனக்குப் பாசம் என்றும் எழுதியிருக்கிறார்கள். பாசம் வந்துவிட்டது.

ஆற்றில் ஒரு பாலம் பாதியில் நிற்கிறது. அதன் முனையில் ஒரு தட்டி. 'மீதி வேண்டுமா?' என்று கேட்டு, கீழே 'வேண்டும்' என்று எழுதியிருக்கும். வீரர் அதை அழுத்தினால் பாலத்தில் ஓர் ஆணி இறங்கும். நூறு ஆணிக்கு ஒரு பலகை. நூற்று நாற்பது பலகை சேர்ந்தால் பாலம் அக்கரையைத் தொடும். அன்றைக்கு முழு ஆட்டம் வரும். மருதியும் வருவாள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அதிர்ச்சி வந்தால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி அப்படியே நின்றுவிடுவோம். எங்களைச் செய்தபோது முதலில் அப்படித்தான் நிறுத்தியிருந்தார்களாம். நடக்கவும் கும்பிடவும் பிறகுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அதிர்ச்சியில் கற்றதெல்லாம் போய்விடுகிறது. கை தானாக இறங்கும்வரை யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. நீண்ட அதிர்ச்சி என்றால், மேலே துணி காயப்போடுவதும் உண்டு.

முதல் வாரம் ஆணிச் சத்தம் ஓயவே இல்லை. பாலம் கண்ணெதிரே நீண்டது. தொண்ணூற்றாறு பலகையில் நின்றது. அப்புறம் வீரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆணி மட்டும் இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை வினோதினி அக்கா வந்தார். எங்களைச் செய்தவர் அவர்தான். திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து நான்கு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். அவர் வாசல் வழியாக வருவதில்லை, சுவர் வழியாக வருவார். செய்தவருக்கு அந்த உரிமை உண்டு.

"டெமோ விட்டா ஆசப்பட்டு மீதியக் கேப்பாங்கன்னு நெனச்சேன் செம்பியா. ஆடுறாங்க, சிரிக்கிறாங்க, சூப்பர்னு எழுதுறாங்க. ஒருத்தரும் மீதி வேணும்னு கேக்க மாட்டேங்குறாங்க. இங்க என்னதான் நடக்குது?" என்றார்.

அந்நேரம் ஒரு வீரர் வாசலில் வந்து நின்றார். அவர் தலைக்கு மேலே 'சுக்குக்காப்பி' என்று பெயர் மிதந்தது. வெளியுலகில் அவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், மதியச் சாப்பாட்டு வேளையில் ஆட வருகிறார். அன்றைக்கு வந்தது அவருடைய பத்தொன்பதாவது முறை. நான் வாளைக் கொடுத்தேன், வசனத்தைச் சொன்னேன். "அதெல்லாம் சொல்லிருவோம் ப்ரோ" என்று நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

அவர் நேரே தில்லை அத்தையின் சத்திரத்தில் போய் உட்கார்ந்தார். அத்தைக்கு எழுதிக் கொடுத்திருந்தது வீரருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி. முதல் வாரம் அதைத்தான் ஊற்றினார்; அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. அத்தை தலைவாழை இலை போட்டார். சர்க்கரைப் பொங்கல், உளுந்த வடை, அவியல், இரண்டு வகைப் பாயசம் என்று இலை நிறைந்தது. அதெல்லாம் எட்டாம் கோட்டையின் பட்டாபிஷேக விருந்துக்காகச் செய்தவை. முழு ஆட்டத்தின் சாமான்களை டெமோவிலிருந்து எடுக்க அக்காவுக்கு நேரமில்லை. ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருந்தார். சாவியை, நம்பிக்கையான ஆள் என்று, அத்தையிடம் கொடுத்திருந்தார்.

"அத்தை, உங்களுக்குக் கஞ்சிதானே எழுதியிருந்தேன்?"

"எழுதினது நீ தாயி. போடுறவ நானுல்ல? வாசல் தேடி வந்த புள்ளைக்குக் கஞ்சிய ஊத்தி, மீதி வேணும்னா ஆத்தத் தாண்டிப் போன்னு சொல்லவா? எனக்கு நாக்கு வருமா?"

சாப்பிட்டு முடித்ததும் ஊர்த்தலைவர் வெற்றிலைத் தட்டோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைவர் கதையின் முதல் பத்தியை மட்டும் சொல்ல வேண்டியவர். அவர் எட்டுக் கோட்டைகளின் கதையையும் கடைசிவரை சொன்னார். எந்தத் தளபதி துரோகி, எந்தக் கிணற்றில் சுரங்கம், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் எல்லாம். "பாதியில நிறுத்தினா அந்தத் தம்பிக்கு ஆபீஸ்ல வேல ஓடுமாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

நானும் ஒன்றை ஒப்புக்கொண்டேன். வாளுக்கு உறை ஐந்தாம் கோட்டையில்தான் கிடைக்க வேண்டும். மொட்டை வாளை எப்படிக் கையில் கொடுப்பது என்று உறையையும் சேர்த்தே கொடுத்துவந்தேன்.

சுக்குக்காப்பி ஏப்பம் விட்டார். "திருப்தி அத்த. நாளைக்கு அவியல் கொஞ்சம் கூட வைங்க" என்றார். நாற்பது நிமிடம் முடிந்தது. பாலத்தின் பக்கம் திரும்பாமலே மறைந்தார்.

வினோதினி அக்காவின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் நீண்டன. பதினொரு நிமிடம் அப்படியே நின்றார். அத்தை ஓரமாக இலையை எடுத்து, இடத்தைத் துடைத்தார். கை இறங்கியதும் அக்கா மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழம சாயங்காலம் டெமோவ எடுத்துர்றேன். அதுக்குள்ள பாலம் எட்டலன்னா முழு ஆட்டமும் கிடையாது. ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் பண்ணக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்குப் போயிருவேன்."

"மருதி?" என்றேன்.

"அவளுக்கு இன்னும் மொகமே வைக்கல செம்பியா" என்று சொல்லிவிட்டுச் சுவர் வழியாகப் போனார்.

என் கைகள் நீண்டன. அத்தையின் கைகள் நீண்டன. தலைவர் வெற்றிலைத் தட்டோடு கைகளை நீட்டி நின்றார். கோயில் யானை முன்னங்கால்கள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்து நின்றது. அந்த நாற்பது நிமிடத்தில் வந்த வீரர்கள் வாளில்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் எதையும் பாதிதான் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நாற்பத்து நான்கு பலகை பாக்கி இருந்தது. அத்தை ஒரு வீரரின் இலையைப் பாதிச் சாப்பாட்டில் இழுத்தார். இழுத்த தன் கையைப் பார்த்து அவருக்கே அதிர்ச்சி. கரண்டியோடு கைகளை நீட்டி நின்றுவிட்டார். வீரர் அந்தக் கரண்டியிலிருந்தே மீதிப் பாயசத்தையும் குடித்தார். தலைவர் துரோகியின் பெயரைச் சொல்லாமல் கதையை நிறுத்தினார். வீரர் எழுந்து போனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி, வாய்க்கால் மேட்டில் மறித்துப் பெயரைச் சொன்னார். அன்றைக்கு இரண்டு ஆணி இறங்கியது.

என்னிடம் விருந்தும் இல்லை, கதையும் இல்லை. ஒரு வசனம்தான் இருந்தது. அதைப் பற்றி யோசித்தேன். அண்ணன் நலமாக இருக்கிறான் என்று கேட்ட பிறகு எவருக்கு ஆற்றைத் தாண்டத் தோன்றும்?

மறுநாள் சுக்குக்காப்பி வந்தார். வாளைக் கொடுத்தேன். உறையைக் கொடுக்கவில்லை.

"வீரரே, அக்கரையில் என் தங்கை மருதி இருக்கிறாள். அவளைப் பார்த்தால்…"

நிறுத்தினேன்.

"பாத்தா?" என்றார்.

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"பாத்தா என்ன ப்ரோ? தெனமும் ஏதோ சொல்வீங்களே, நான்தான் சரியாக் காதுல வாங்கல. ஏதாச்சும் பிரச்சனையா? மாப்ள வீட்டுல எதுவும் சொல்றாங்களா?"

நான் ஆற்றையே பார்த்தேன்.

அவர் சத்திரத்துக்குப் போனார். இலையில் உட்கார்ந்தார். இரண்டாவது பாயசம் வருவதற்குள், "இருங்க அத்த, அந்தத் தம்பி தங்கச்சிக்கு என்னன்னு தெரியல" என்று எழுந்துவிட்டார். அத்தை கைகளை நீட்டி நிற்க, அவர் பாலத்துக்கு நடந்து 'வேண்டும்' என்று அழுத்தினார். ஆணி இறங்கும் சத்தம் ஊர்வாசல்வரை கேட்டது.

சத்திரத்தில் அதற்குப் பிறகு யாரும் இலையை முழுதாக முடிக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரும் "பாத்தா?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் பாலத்துக்குப் போனார். நான் சொல்லாமல் விட்ட பாதிகள் என் வாய்க்குள் சேர்ந்துகொண்டே வந்தன. வியாழக்கிழமை மதியம் வாயை மூட முடியவில்லை. அத்தை ஒரு முறத்தில் அவற்றை வாங்கி, பூட்டிய அறையில் அடுக்கினார். நாலாயிரத்துக்கும் மேலே 'அண்ணன் நலமாக இருக்கிறான்.' ஒன்றை மட்டும் நான் இடுப்பில் செருகிக்கொண்டேன். அதை என் வாயாலேயே அவளிடம் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நூற்று நாற்பதாவது பலகை விழுந்தது. பாலம் அக்கரையைத் தொட்டது.

வினோதினி அக்கா வந்து பார்த்தார். "டெமோ விட்டது நல்லதா கெட்டதான்னு எனக்கு இப்பவும் புரியல. ஒன்னோட அந்தப் பாதி வசனந்தான் வேல செஞ்சுது. அக்கரையிலயும் வசனத்த அதே மாதிரி பாதியாக்கி, ஒரு தட்டியும் வச்சுட்டேன்" என்றார். வர முடியாது என்று பல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும் என்று சுவர் வழியாகக் கிளம்பினார்.

ஊர் அக்கரைக்கு நடந்தது. அத்தை கரண்டியோடு போனார். தலைவர் யானையிடம் கதையின் முடிவைச் சொல்லிக்கொண்டே போனார். பாலத்தின் நடுவில் நான் மட்டும் நின்றேன்.

அக்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கு முகம் இன்னும் வைக்கப்படவில்லை. அதை வைத்தே மருதி என்று தெரிந்தது. கையில் ஒரு சின்னத் தட்டி வைத்திருந்தாள். வீரர்கள் முன்னால் நான் நிற்பது போலவே என் முன்னால் நின்றாள்.

"வீரரே, அக்கரையில் என் அண்ணன் செம்பியன் இருக்கிறார். அவரைப் பார்த்தால்…"

நிறுத்தினாள்.

"பார்த்தால்?" என்றேன்.

அவள் ஆற்றின் பக்கம் திரும்பினாள்.

என் கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீண்டன. இடுப்பில் செருகியிருந்தது நழுவி ஆற்றில் விழுந்து, அண்ணன் நலமாக இருக்கிறான், அண்ணன் நலமாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே தண்ணீரோடு போனது. நீண்ட என் வலக்கை அவளுடைய தட்டியில் பட்டது. பட்ட இடத்தில் 'வேண்டும்' என்று எழுதியிருந்தது.

எங்கோ தூரத்தில், வேறு ஏதோ ஓர் ஆற்றின்மேல், ஓர் ஆணி இறங்கும் சத்தம் கேட்டது. மருதி தட்டியை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் வந்த திசையில் நடந்து போனாள்.